ரக்பி வீரர் ஜோனா லோமு

தென் பசிபிக் மாகடலில், ஆஸ்திரேலியாவுக்குத் தென்கிழக்கே, நியூசிலாந்து என்னும் தீவு நாடு அமைந்துள்ளது. பனி மூடிய கொடுமுடிகளும் பசும்புல் வெளிகளும் ஆட்டு மந்தைகளும் நிறைந்த அந்நாட்டில் வாழும் மக்கள் ஏறத்தாழ 50 இலட்சம் பேரே. சென்னை போன்ற ஒரு பெருநகரில் வாழ்வோரின் தொகையைவிட இது குறைவு. ஆயினும் ரக்பி என்னும் பந்தாட்டத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் முன்னணியில் நிற்கும் பெருமை அந்நாட்டிற்கு உண்டு. அந்நாட்டு அணியினர் சட்டை, காற்சட்டை, காலுறை அனைத்தும் கருநிறமாகவே அணிவர். அதனால் அவர்களை ‘ஆல் பிளாக்ஸ்’ என்று உலகம் அழைக்கிறது. ஆட்டம் தொடங்குமுன் அவர்கள் எதிரணியினரை நோக்கி வரிசையாக நின்று, மவோரி குடிமக்களின் ‘ஹாக்கா’ என்னும் வீர ஆடலை ஆடுவர். தொடையில் அறைந்து, தரையை உதைத்து, கண்களை உருட்டி அவர்கள் எழுப்பும் முழக்கம் கேட்போரைச் சிலிர்க்க வைக்கும். அந்தக் கருப்புடை அணிந்து, உலகமெல்லாம் தன் பெயரைச் சொல்லும்படி ஆடியவர் ஜோனா லோமு.

அவருடைய ஆட்டத்தின் சிறப்பை அறிய வேண்டுமாயின், ரக்பி ஆட்டத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் ரக்பி என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்ப் பள்ளியில் 1823 ஆம் ஆண்டில் வில்லியம் வெப் எல்லிஸ் என்னும் மாணவன், காலால் உதைத்து ஆட வேண்டிய பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான் என்றும், அதிலிருந்தே இந்த ஆட்டம் பிறந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. இக்கதைக்குத் தக்க சான்று இல்லை. எனினும் உலகக் கோப்பைக்கு அவன் பெயரையே இட்டுவிட்டனர். சான்றில்லாக் கதைக்கும் சில வேளைகளில் இத்தகைய நற்பேறு வாய்த்துவிடுகிறது.

ரக்பிப் பந்து உருண்டையானது அன்று. இரு முனையும் நீண்ட முட்டை வடிவினது. தரையில் விழுந்தால் எப்பக்கம் துள்ளும் என்று எவராலும் கூற இயலாது. ஓர் அணிக்குப் 15 பேர். அவருள் எண்மர் முன்னணியினர். உடல் பருத்து வலிமை மிக்க இவர்கள், ஒருவர் தோளை ஒருவர் பற்றி நின்று, எதிரணியினரை நெட்டித் தள்ளிப் பந்தைக் கைப்பற்றுவர். ஏனைய எழுவர் பின்னணியினர். பந்தை வாங்கி விரைந்தோடுதல் இவர்தம் கடன். பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து, அதனைத் தரையில் அழுத்தி வைத்தால் 5 புள்ளிகள் கிடைக்கும். இதற்கு ‘டிரை’ என்று பெயர். முயற்சி என்பது அச்சொல்லின் பொருள். முற்காலத்தில் இவ்வாறு பந்தை வைப்பதற்குப் புள்ளி ஏதும் இல்லை. கம்பங்களுக்கு இடையே பந்தை உதைக்க முயல்வதற்கு உரிமை மட்டுமே கிடைத்தது. அப்பெயர் இன்றும் நிலைத்துவிட்டது. டிரை எடுத்தபின் பந்தைக் குறுக்குக் கம்பத்திற்கு மேலாக உதைத்து அனுப்பினால் இன்னும் 2 புள்ளிகள் சேரும்.

இந்த ஆட்டத்தில் ஒரு விந்தையான விதி உண்டு. பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் கூடாது. பின்னால் வருபவருக்கே கொடுக்கலாம். ஆதலால் முன்னேற விரும்புபவன் பந்தைத் தானே ஏந்தி ஓடுதல் வேண்டும். அல்லது காலால் உதைத்தல் வேண்டும். ஏந்தி ஓடுபவனை எதிரணியினர் இடுப்பையோ காலையோ கட்டிப் பிடித்து வீழ்த்தலாம். சடுகுடு ஆடியவர்கள் இந்தப் பிடியின் அருமையை எளிதில் உணர்வர். ஆனால் சடுகுடுவில் பாடி வருபவனைப் பலர் சூழ்ந்து மடக்குவர். ரக்பியிலோ, முழு விரைவில் ஓடி வரும் ஒருவனைத் தனி ஒருவனாகவே எதிர்நின்று வீழ்த்த வேண்டிய நிலை பன்முறை நேரும். அணியின் இரு ஓரங்களிலும் நின்று ஆடுவோர் இருவர். அவர்களை ‘விங்’ என்பர். மான்போல் மெலிந்து விரைந்தோடுவோரையே அவ்விடத்தில் நிறுத்துவது நெடுங்கால வழக்கம். யானை போன்ற உடலும் மானின் விரைவும் ஒருவனிடமே அமையக்கூடும் என்று எவரும் எண்ணியதில்லை. லோமு வந்த பின்னரே அது கண்கூடாயிற்று.

ஜோனா லோமு 1975 ஆம் ஆண்டு மே திங்கள் 12 ஆம் நாள் ஆக்லாந்துப் பகுதியில் பிறந்தார். அவர் பெற்றோர் தொங்கா என்னும் தீவு நாட்டிலிருந்து குடியேறியவர்கள். தொங்கா, சமோவா முதலிய தீவுகளிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர் பலர் ஆக்லாந்தின் தென்புறத்தில் நெருங்கி வாழ்ந்தனர். குழந்தைப் பருவத்தில் லோமு தொங்காவில் உறவினர் வீட்டில் சில ஆண்டுகள் வளர்ந்தார். பின்னர்ப் பெற்றோரிடம் திரும்பி, மாங்கெரே என்னும் பகுதியில் வாழ்ந்தார். அப்பகுதியில் ஏழ்மையும் மிகுதி. இளைஞர்கள் கும்பல் கும்பலாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் தாக்கிக்கொள்ளும் கொடுமையும் மிகுதி. வயதுக்கு மீறி வளர்ந்திருந்த சிறுவன் இக்கூட்டங்களில் சிக்கிவிடுவானோ என்று அன்னை அஞ்சினார். ஆகவே நகரின் தெற்கே புக்கெகோகே என்னும் ஊரை அடுத்திருந்த வெஸ்லி கல்லூரி என்னும் விடுதிப் பள்ளியில் அவரைச் சேர்த்தார். அன்னை அன்று செய்த முடிவு எத்தகையது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

வெஸ்லி பள்ளியில் அவர் ஓட்டத்திலும் தாண்டுதலிலும் எறிதலிலும் முதல்வராக விளங்கினார். ரக்பியில் அவர் ஆடியது பெரும்பாலும் முன்னணியினருள் ஒருவராகத்தான். அவர் உடல் வளர்ச்சி அதற்கே ஏற்றதாக இருந்தது. முழு வளர்ச்சி அடைந்தபோது உயரம் 196 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 120 கிலோ. இத்தனை எடையையும் சுமந்துகொண்டு 100 மீட்டர் தொலைவை 11 நொடிக்குள் அவர் ஓடிக் கடந்தார். இவ்விரைவைக் கண்ட பயிற்சியாளர்கள், முன்னணியில் இருந்த அவரை ஓரத்திற்கு மாற்றினர். எழுவர் ஆடும் ரக்பி என்று ஒரு வகை உண்டு. 1994 ஆம் ஆண்டு ஹாங்காங் நகரில் நடந்த எழுவர் போட்டியில் அவர் ஆடியதைக் கண்டோர், இந்த இளைஞரைப் பற்றிப் பேசத் தொடங்கினர்.

அதே ஆண்டு ஜூன் 26 ஆம் நாள், கிறைஸ்ட்சர்ச் நகரில் பிரான்சு நாட்டு அணியை எதிர்த்து நியூசிலாந்து ஆடியது. லோமு அன்று முதன்முறையாக ஆல் பிளாக்ஸ் உடையில் களம் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 19 ஆண்டும் 45 நாளும். அந்நாட்டின் சார்பில் பன்னாட்டுப் போட்டியில் ஆடியவர்களுள் அவரே மிக இளையவர். ஆனால் அறிமுகம் இனிதாக அமையவில்லை. ஓரத்தில் நின்று ஆடும் முறை அவருக்குப் புதிது. எங்கே நிற்பது, எப்போது திரும்புவது, உதைத்து வரும் பந்தை எவ்வாறு காப்பது என்னும் நுணுக்கங்கள் அவருக்கு இன்னும் கைவரவில்லை. பிரெஞ்சுக்காரர் ஆட்டக் கலையில் தேர்ந்தவர். இளைஞரின் தடுமாற்றத்தைக் கண்டுகொண்ட அவர்கள், அவர் பக்கமாகவே பந்தைச் செலுத்தினர். நியூசிலாந்து அந்த ஆட்டத்திலும் தோற்றது. ஒரு வாரத்திற்குப் பின் நடந்த அடுத்த ஆட்டத்திலும் தோற்றது. லோமு அணியிலிருந்து நீக்கப்பட்டார். வலிமை மட்டும் இருந்தால் போதும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது நல்ல பாடம். அந்தப் பாடத்தை முதலில் கற்றுக்கொண்டவர் லோமுவே.

1995 ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. நிறவெறி ஆட்சியின் காரணமாக நெடுங்காலம் உலக விளையாட்டுக் களங்களிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்த நாடு அது. நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவராகி ஓராண்டே ஆகியிருந்தது. அந்தப் போட்டிக்கு நியூசிலாந்து அணியைத் தேர்ந்தெடுத்தபோது, லோமுவைச் சேர்ப்பதா விடுவதா என்னும் ஐயம் தேர்வாளர்களுக்கு இருந்தது. குறுந்தொலைவில் மின்னலாய்ப் பாயும் அவர், நெடுநேர ஓட்டப் பயிற்சியில் களைத்துப் பின்தங்கினார். சோம்பல் என்று எண்ணியவரும் உண்டு. உண்மைக் காரணம் வேறு என்பது அப்போது எவருக்கும் தெரியாது. இறுதியில் பயிற்சியாளர் லாரி மெய்ன்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டார். இரண்டே இரண்டு பன்னாட்டு ஆட்டங்களில், அதுவும் தோல்வியுற்ற ஆட்டங்களில் ஆடியிருந்த 20 வயது இளைஞர் தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார்.

ஜோகன்னஸ்பர்க் நகரில் அயர்லாந்தை எதிர்த்த முதல் ஆட்டத்திலேயே அவர் இரண்டு டிரை எடுத்தார். அயர்லாந்து வீரர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து பற்றியும் அவரை நிறுத்த இயலவில்லை. கால் இறுதியில் ஸ்காட்லாந்தும் அவ்வண்ணமே வீழ்ந்தது. அரை இறுதியில் எதிர்ப்பட்டது இங்கிலாந்து. ரக்பி ஆட்டத்தின் தாய் நாடு அது. அந்த ஆண்டில் ஐரோப்பாவில் தோல்வியே காணாத அணி அது.

ஜூன் 18 ஆம் நாள் கேப் டவுன் நகரின் நியூலாண்ட்ஸ் திடலில் அந்த ஆட்டம் நடந்தது. ஆட்டம் தொடங்கிச் சில மணித்துளிகளே ஆகியிருந்தன. இடப்புறம் நின்ற லோமுவை நோக்கிப் பந்து எறியப்பட்டது. எறி தவறிப் பந்து அவர் கைக்கு எட்டாது பின்னால் சென்று துள்ளியது. வேறொருவராயின் அந்த வாய்ப்பு அங்கேயே முடிந்திருக்கும். லோமு பின்திரும்பிப் பந்தைப் பற்றினார். எதிர்த்து வந்த டோனி அண்டர்வுட்டை வெளிப்புறமாகச் சுற்றிக் கடந்தார். பின்னாலிருந்து பாய்ந்த அணித்தலைவர் வில் கார்லிங் அவர் காலைத் தட்டிவிட்டார். லோமு தடுமாறினார். இனி எதிரில் நின்றவர் மைக் கேட் ஒருவரே. குனிந்து, தோளைத் தாழ்த்திக் காத்திருந்த கேட்டைச் சுற்றிச் செல்ல லோமு முயலவில்லை. தடுமாற்றத்தின் வேகத்திலேயே நேராகச் சென்று, அவரை மிதித்துக் கடந்து, எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்துடன் விழுந்தார். மல்லாந்து கிடந்த கேட் எழுந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அன்று லோமு எடுத்த டிரை நான்கு. நியூசிலாந்து 45 புள்ளிகளும் இங்கிலாந்து 29 புள்ளிகளும் எடுத்தன. இந்த எண்களைக் கொண்டு ஆட்டம் நெருக்கமாக இருந்தது என்று கருதிவிடுதல் ஆகாது. இடைவேளையின்போது இங்கிலாந்தின் கணக்கில் இருந்தவை மூன்றே புள்ளிகள். வெற்றி எட்டாத தொலைவுக்குச் சென்ற பின்னரே எஞ்சியவற்றை அவர்கள் சேர்த்தனர். அந்த முதல் டிரையின் திரைப்படக் காட்சியை அன்று தொட்டு உலகம் மீண்டும் மீண்டும் கண்டு வருகிறது. மைக் கேட் பின்னர் இங்கிலாந்தின் சார்பில் பல்லாண்டு சிறப்புற ஆடி, 2003 ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற அணியிலும் இடம்பெற்றார். ஆயினும் அவர் பெயரைச் சொன்னவுடன் பலர்க்கு நினைவு வருவது அந்த ஒரு கணமே. இது அவருக்கு இழைக்கப்படும் அநீதி. ஓடி வரும் லோமுவின் எதிரே அசையாது நிற்பதற்கே தனித் துணிவு வேண்டும்.

ஜூன் 24 ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் திடலில் இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்க அணித்தலைவரின் சட்டையைப் போன்ற பச்சை நிறச் சட்டையை அணிந்து மண்டேலா திடலுக்கு வந்தார். வெள்ளையரின் ஆட்டமாகவே கருதப்பட்டு வந்த ரக்பியைத் தம் நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியதாக்கிய செயல் அது. தென்னாப்பிரிக்கர் ஒன்றைத் தெளிவாக உணர்ந்திருந்தனர். லோமு ஓடத் தொடங்கிய பின் அவரை நிறுத்துதல் அரிது. ஓடத் தொடங்குமுன்னரே மடக்குதல் வேண்டும். பந்து அவர் கையை அடைந்தவுடன் ஒருவர் காலைப் பற்ற, வேறிருவர் ஓடிவந்து சாய்த்தனர். யோஸ்ட் வான் டெர் வெஸ்ட்ஹைசன் அவரை நேருக்கு நேர் எதிர்ப்பட்டு வீழ்த்தினார். அன்று இரு அணியினரும் ஒரு டிரையும் எடுக்கவில்லை. மிகை நேரத்தில் ஜோயல் ஸ்டிரான்ஸ்கி உதைத்த பந்து கம்பங்களுக்கு இடையே சென்றது. 15-க்கு 12 என்னும் கணக்கில் தென்னாப்பிரிக்கா கோப்பையை வென்றது. லோமு தம் வாழ்நாளில் தென்னாப்பிரிக்காவை எதிர்த்துப் பன்முறை ஆடியும், அந்நாட்டுக்கு எதிராக ஒரு பன்னாட்டு ஆட்டத்திலும் டிரை எடுத்ததில்லை. அவரை அன்று வீழ்த்திய வான் டெர் வெஸ்ட்ஹைசனையும் பின்னாளில் நரம்புத் தளர்ச்சி நோய் ஒன்று பற்றியது. அவர் 2017 ஆம் ஆண்டில் மறைந்தார்.

அது வரை பதினைவர் ஆடும் ரக்பியில் ஆட்டக்காரர்க்குக் கூலி கொடுத்தல் விதிக்கு மாறானது. ஆசிரியர், உழவர், காவலர் எனத் தத்தம் தொழிலைச் செய்துகொண்டே அவர்கள் ஆடி வந்தனர். 1995 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவ்விதி நீக்கப்பட்டது. தொலைக்காட்சி நிறுவனங்கள் பெரும்பொருள் தர முன்வந்தமையே அதற்கு முதற்காரணம். அத்தனை பொருளைத் தருமளவுக்கு மக்களின் கண்களை அந்த ஆட்டத்தின்பால் ஈர்த்தவர்களுள் தலையாயவர் லோமு. ரக்பி என்றால் யாது என்று அறியாத நாட்டினரும் அவர் பெயரை அறிந்தனர்.

புகழ் இவ்வாறு உச்சியை எய்திய அதே வேளையில், உள்ளே ஒரு கேடு வளர்ந்துகொண்டிருந்தது. 1995 ஆம் ஆண்டின் முடிவில் மருத்துவர்கள் அவருக்குச் சிறுநீரக நோய் இருப்பதைக் கண்டறிந்தனர். மனிதனுக்குச் சிறுநீரகங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. குருதியில் சேரும் கழிவை நீருடன் வெளியேற்றி, உடலுக்கு வேண்டிய புரதத்தைத் தடுத்து நிறுத்துதல் அவற்றின் வேலை. லோமுவைப் பற்றிய நோயில் இந்த வடிகட்டிகள் பழுதுற்று, புரதம் சிறுநீரோடு கசிந்து வீணாகிவிடுகிறது. புரதம் குறைந்த குருதியிலிருந்து நீர் கசிந்து தசைகளில் தங்குகிறது. முகமும் காலும் வீங்குகின்றன. உடல் களைத்துச் சோர்கிறது. உலகக் கோப்பையில் ஆடியபோதே அந்நோய் அவர் உடலில் இருந்தது என்பது பின்னரே தெளிவாயிற்று. நெடுநேர ஓட்டத்தில் அவர் பின்தங்கியதற்குச் சோம்பல் காரணம் அன்று. நோயுற்ற உடலுடனேயே அவர் இங்கிலாந்தை எதிர்த்து நான்கு டிரை எடுத்தார் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

கடுமையான மருந்துகளை உட்கொள்ள வேண்டியிருந்தமையால், 1997 ஆம் ஆண்டில் அவர் பல திங்கள் ஆட்டத்தை விட்டு ஒதுங்கியிருந்தார். மீண்டு வந்து, 1998 ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுகளில் எழுவர் ரக்பிக்கான தங்கப் பதக்கத்தை வென்ற அணியில் ஆடினார். 1999 ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் எட்டு டிரை எடுத்தார். அவற்றுள் இரண்டு, தம் பெற்றோரின் தாயகமாகிய தொங்காவுக்கு எதிராக எடுத்தவை. ஆனால் அரை இறுதியில் பிரான்சு, 43-க்கு 31 என்னும் கணக்கில் நியூசிலாந்தை வென்றது. அந்த ஆட்டத்திலும் லோமு இருமுறை பலரை உதறித் தள்ளிச் சென்று டிரை எடுத்திருந்தார். இரண்டு உலகக் கோப்பைகளில் 11 ஆட்டங்கள் ஆடி அவர் எடுத்த டிரை 15. தென்னாப்பிரிக்க வீரர் பிரையன் ஹபானா 2015 ஆம் ஆண்டில் அவ்வெண்ணை எட்டினார். உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடும் பேறு மட்டும் பதினைவர் ரக்பியில் லோமுவுக்குக் கிட்டவே இல்லை.

2000 ஆம் ஆண்டு ஜூலை 15 ஆம் நாள் சிட்னி நகரில் ஆஸ்திரேலியாவை எதிர்த்து நடந்த ஆட்டத்தையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். 1,09,874 பேர் அன்று திடலில் கூடியிருந்தனர். தொடக்கத்திலேயே நியூசிலாந்து 24 புள்ளிகள் எடுத்துவிட்டது. ஆஸ்திரேலியர் சோர்வடையாது ஆடி அதனைச் சமன் செய்தனர். இறுதிக் கணங்களில் அவர்கள் 35-க்கு 34 என்று முன்னேறியும் விட்டனர். அப்போது இடப்புற எல்லையை ஒட்டி லோமுவிடம் பந்து வந்தது. கோட்டை மிதிக்காமல், விரல் நுனியில் நடப்பவர்போல் உடலைச் சமன்படுத்திக்கொண்டு ஓடி அவர் டிரை எடுத்தார். 39-க்கு 35 என்று நியூசிலாந்து வென்றது. லோமுவை வெறும் உடல் வலிமைக்காரர் என்று கூறுவோர் அந்த ஓட்டத்தைக் காணுதல் நன்று. அங்கே அவர் எவரையும் மிதித்துச் செல்லவில்லை. காலின் நுட்பமே அன்று அவருக்கு வெற்றி தந்தது.

2002 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வேல்ஸ் நாட்டை எதிர்த்து அவர் ஆடியதே நியூசிலாந்தின் சார்பில் அவர் ஆடிய இறுதி ஆட்டம். 63 பன்னாட்டு ஆட்டங்களில் 37 டிரை எடுத்திருந்தார். அப்போது வயது 27 தான். அடுத்த ஆண்டு மே திங்களில், அவருடைய சிறுநீரகங்கள் செயல் இழந்துவிட்டன என்றும், வாரத்திற்கு மூன்று முறை பொறியின் உதவியால் குருதியைத் தூய்மை செய்துகொள்கிறார் என்றும் அறிவிக்கப்பட்டது. கையில் ஊசிகளைச் செருகி, குருதியைக் குழாய் வழியே பொறிக்குள் செலுத்தி, கழிவை நீக்கி, மீண்டும் உடலுக்குள் செலுத்துவர். ஒவ்வொரு முறையும் பல மணி நேரம் படுத்தே கிடத்தல் வேண்டும். அதனோடு நிற்கவில்லை அவர் துன்பம். பாதங்களிலும் கால்களிலும் நரம்புகள் பழுதுற்றன. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தாவிடில், நடக்க இயலாமல் சக்கர நாற்காலியிலேயே வாழ நேரும் என்று மருத்துவர்கள் எச்சரித்தனர். ஐவரை உதறி ஓடிய கால்கள் அவை.

சிறுநீரகத்தை எவர் தருவார்? இறந்தவர் உடலிலிருந்து பெறுவதாயின் நெடுநாள் காத்திருத்தல் வேண்டும். உயிரோடிருக்கும் ஒருவர் தம் இரு சிறுநீரகங்களுள் ஒன்றைக் கொடுக்கலாம். அவ்வாறு கொடுத்தவர் எஞ்சிய ஒன்றைக் கொண்டு நலமாக வாழ இயலும். ஆயினும் தம் உடலை அறுத்து உறுப்பொன்றை எடுத்துத் தர முன்வருவோர் எத்தனை பேர்? வெல்லிங்டன் நகர வானொலி அறிவிப்பாளர் கிராண்ட் கெரெயாமா முன்வந்தார். அவர் லோமுவின் உடன்பிறந்தார் அல்லர், நண்பர். 2004 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் நாள் ஆக்லாந்து மருத்துவமனையில் நண்பரின் சிறுநீரகம் லோமுவின் உடலில் பொருத்தப்பட்டது. திடலில் லோமு எடுத்த டிரைகளைக் கோடிக்கணக்கானோர் கண்டு ஆர்ப்பரித்தனர். கெரெயாமாவின் செயலுக்கு ஆர்ப்பரிக்கத் திடல் இல்லை. ஆயினும் லோமுவின் வரலாற்றில் அதனினும் பெரிய செயல் வேறொன்றில்லை.

உயிர் மீண்டதே போதும் என்று பிறர் அமைந்திருப்பர். லோமு மீண்டும் பந்தைத் தொட்டார். 2005 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இங்கிலாந்து வீரர் மார்ட்டின் ஜான்சனைச் சிறப்பிக்க லண்டனில் நடந்த ஆட்டத்தில் களம் இறங்கி ஒரு டிரையும் எடுத்தார். அதே ஆட்டத்தில் தோளில் காயமுற்று மீண்டும் படுக்கையில் விழுந்தார். தோள் ஆறியதும் வேல்ஸ் நாட்டுக் கார்டிப் நகர அணியில் சில திங்கள் ஆடினார். அடுத்த ஆண்டு தாயகம் திரும்பி, நார்த் ஹார்பர் என்னும் மாவட்ட அணியில் ஆடினார். பழைய விரைவு வரவில்லை. அதனை எல்லோரும் கண்டனர், அவரும் உணர்ந்திருந்தார். 2007 ஆம் ஆண்டில் மற்றுமோர் உலகக் கோப்பையில் ஆட வேண்டும் என்னும் அவர் வேட்கை நிறைவேறவில்லை. அந்த ஆண்டில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வேட்கையைப் பேராசை என்றோரும் உண்டு. சக்கர நாற்காலியின் விளிம்புவரை சென்றவர், கார்டிப் நகரின் குளிரிலும் சேற்றிலும் ஊதியம் பெறும் முழு வலிமையுள்ள இளைஞர்களோடு மோதி ஆடினார் என்பதை அவர்கள் மறந்தனர்.

2011 ஆம் ஆண்டில், கெரெயாமா தந்த சிறுநீரகமும் செயல் இழந்தது. மீண்டும் பொறியை நாட வேண்டியதாயிற்று. அந்நிலையிலும் லோமு வீட்டில் முடங்கவில்லை. சிறுநீரக நோயுற்ற குழந்தைகளைக் கண்டு ஊக்கம் அளித்தார். பல நாடுகளுக்கும் சென்று ரக்பியைப் பற்றிப் பேசினார். செல்லும் ஊர்களில் எல்லாம் குருதித் தூய்மைக்கு முன்னரே ஏற்பாடு செய்துகொண்டு சென்றார். அவருக்குச் சிறு வயதுடைய ஆண் மக்கள் இருவர் இருந்தனர். அவர்களுக்கு 21 வயது நிரம்பும் நாளைக் கண்டுவிட வேண்டும் என்பதே தம் விருப்பம் என்று அவர் கூறி வந்தார்.

2015 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையின்போது அவர் அங்கே இருந்தார். கருப்புடை அணியினர் கோப்பையை வென்றனர். அவ்வணியின் ஓரத்தில் ஆடிய ஜூலியன் சவேயா எட்டு டிரை எடுத்து, ஒரே போட்டியில் லோமு எடுத்திருந்த எண்ணைச் சமன் செய்தார். உடல் பருமனும் விரைவும் ஒருங்கே உடைய அந்த இளைஞரை ‘இரண்டாம் லோமு’ என்று பலர் அழைத்தனர். போட்டி முடிந்தபின் குடும்பத்தாருடன் துபாய் வழியாக லோமு ஆக்லாந்து திரும்பினார். வீடு வந்து சேர்ந்த மறுநாள், நவம்பர் 18 ஆம் நாள் காலையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 40. மூத்த மகனுக்கு அப்போது ஆறு வயது.

நவம்பர் 30 ஆம் நாள் ஆக்லாந்தின் ஈடன் பார்க் திடலில் மக்கள் திரண்டு அவருக்கு இறுதி மரியாதை செலுத்தினர். வெள்ளிநிறப் பெரணி இலை பொறித்த ஆல் பிளாக்ஸ் சட்டையைப் பலர் அணிந்து வந்திருந்தனர். உடன் ஆடியவர்களும் எதிர்த்து ஆடியவர்களும் வந்திருந்தனர். அவர் உடலைத் தாங்கிய பேழை திடலுக்குள் கொணரப்பட்டபோது ஹாக்கா முழங்கியது. பின்னர் அவரை, சிறுவனாய் வளர்ந்த மாங்கெரேக்கு அண்மையில், தென் ஆக்லாந்தின் மனுக்காவ் நினைவுத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர்.